யானைக்குத் தந்தம் முளைத்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரையம்பதியில் இருந்து எழுதுகிறேன். 1974 இல், பதினெட்டு வயதில், மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோர்க்கச் சேர்ந்தவன் நான். ஈய எழுத்துப் போய், கணினி வந்து, முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது மகன் நடத்துகிற சின்ன அச்சுக் கடையில் மூலையில் ஒரு கதிரை போட்டுப் புரூப் பார்க்கிறேன். கலியாணக் கார்ட், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், அம்மன் கோயில் சடங்கு நோட்டீஸ், எல்லாவற்றையும் விடக் கூடுதலாக ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள். இவைதான் எங்கள் வீட்டு அடுப்பை எரிப்பவை.

இவற்றுக்கு நடுவில் போன வருஷம் ஒரு கதைப் புத்தகம் அடித்தோம். ஆறு கதைகள், ஆறும் மிருகக் கதைகள். எழுதியதும் படம் கீறியதும் என் மகளின் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, நாலாம் தரம். பேத்தியைப் புகழப் பேப்பருக்கு எழுதுகிற கிழவன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் அதுவும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் எழுத வந்தது அந்தப் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தைப் பற்றி. அந்தப் பக்கத்தில் படம் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

மருமகனின் ஊர் மண்டூர். பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளை குருமண்வெளித் துறையில் பாதை ஏறி வாவியைக் கடந்து அங்கே போய்விடுவாள். (எங்கள் பக்கத்தில் பாதை என்றால் நடக்கிற வழி மட்டுமல்ல, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போகிற தட்டைப் படகும் பாதைதான். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில், கடல் காற்றும் தெருச் சத்தமுமாக வளர்கிற பிள்ளைக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை வேறொரு தேசம். வயல், குளம், பற்றைக்காடு, இருட்டினால் யானையை விரட்டப் போடுகிற யானை வெடி. மாரி வேளாண்மையில் கதிர் முற்றுகிற நேரம், ஒருநாள் விடியற்காலை, சித்தப்பாவோடு போன இடத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நின்று மூன்று யானைகளைக் கண்டிருக்கிறாள். ஒரு பெரியது, ஒரு நடுத்தரம், ஒரு குட்டி. ஒன்றுக்கும் தந்தம் இல்லை.

வீட்டுக்கு வந்து கீறினாள். பெரிய யானைக்கு நீல நிறம் பூசியிருந்தாள். ஏன் நீலம் என்று கேட்டேன். "பாஸ்டல் பெட்டியில சாம்பல் இல்ல, அம்மப்பா. கறுப்புப் பூசினா அது எருமையாப் போயிரும்" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது? எருமையையும் யானையையும் ஒரே வயல்வெளியில் பார்த்த பிள்ளைக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும்.

கதையையும் கீழே எழுதினாள். அவள் எழுதியபடியே தருகிறேன்: "யானைக்கு வெடிச் சத்தம் பிடிக்காது. அது சேற்றை எடுத்துக் காதுக்குள்ள அடைச்சிது. மறுகா வெடி கேக்கல்ல. மறுகா குட்டி கூப்பிட்டதும் கேக்கல்ல. யானை குளத்துக்குப் போய்க் காதைக் கழுவிச்சிது. மறுகா குட்டி கூப்பிட்டது கேட்டிச்சி. வெடியும் கேட்டிச்சி."

அவ்வளவுதான் கதை. அந்தக் கடைசி இரண்டு வசனத்தை வாசித்துவிட்டு நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். படுவான்கரைச் சனமும் யானையும் படுகிற பாட்டை எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் பேசி நாங்கள் நோட்டீஸ் அடித்திருக்கிறோம். ஒன்றிலும் இது வரவில்லை.

என் மகள் அந்தப் படத்தையும் கதையையும் ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்குத் தபாலில் அனுப்பினாள். எந்தப் பத்திரிகை என்று சொல்லப் போவதில்லை. உங்களுடையது அல்ல, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அச்சுக் கடை வைத்திருக்கிற குடும்பம் நாங்கள், ஸ்கான் மெசின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த மடத்தனத்துக்கு நானே பொறுப்பு.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கதை வந்தது. பிள்ளையின் பெயர், ஊர், பாடசாலை எல்லாம் சரியாகப் போட்டிருந்தார்கள். படம் மட்டும் அவளுடையது அல்ல. கணினியில் இருந்து எடுத்த ஒரு யானை நின்றது. சாம்பல் நிறம், தோளை மூடுகிற பெரிய காது, முன்னுக்கு வளைந்த இரண்டு தந்தம். ஆபிரிக்க யானை. எங்கள் நாட்டு யானைக்குக் காது சிறியது. ஆண் யானைகளிலும் நூற்றுக்குப் பத்துக்குக்கூடத் தந்தம் இருக்காது, பெண் யானைக்கு வெளியே தெரிகிற தந்தமே கிடையாது. 2011 இல் நாடு முழுக்க எண்ணியபோது 5,879 யானைகள் என்று கணக்கு வந்தது, அவற்றில் கொம்பன்கள் மிகச் சொற்பம். வயலுக்கு வருகிற யானையைக் கண்ட எந்த விவசாயியும் இதைச் சொல்வான். பிள்ளை பார்த்தது தந்தமில்லாத அலியன் யானை, பார்த்தபடி கீறினாள். அதை எடுத்துவிட்டு மண்டூரில் ஒருவரும் காணாத யானையை நிறுத்தினார்கள்.

கதையையும் விடவில்லை. "வெடியும் கேட்டிச்சி" போய், "அன்று முதல் அந்த யானை யாருடைய வயலுக்கும் செல்லவில்லை" என்று முடிந்திருந்தது. அடியில் தடித்த எழுத்தில்: நீதி, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே.

பிள்ளை அதை இரண்டு தரம் வாசித்தாள். "வந்ததுதானே, அம்மப்பா. நேத்தும் வந்ததாம், சித்தப்பா சொன்னாரு" என்றாள். அப்புறம் படத்தைக் காட்டி, "என்ட யானை எங்க?" என்றாள். வரும் என்று சொல்லி வைத்தோம். அவள் ஒரு மாதம் தபால்காரரின் சைக்கிள் மணிக்கு ஓடினாள்.

சரி, இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இனி என்னைச் சொல்கிறேன்.

அச்சுக் கோர்த்த காலத்தில் படம் போடுவதென்றால் கொழும்பில் புளொக், அதாவது படம் பொறித்த அச்சுக் கட்டை, செய்வித்து எடுப்பிக்க வேண்டும். காசும் போகும், நாளும் போகும். அதனால் கடையில் கிடக்கிற புளொக்கை வைத்துச் சமாளிப்போம். 1977 தேர்தலுக்கு அடித்த யானைச் சின்னப் புளொக் ஒன்று எங்கள் லாச்சியில் கிடந்தது. பிறகு ஒரு பாடசாலை மலரில் ஒரு பிள்ளை காட்டைப் பற்றி எழுதியிருந்தபோது அந்தக் கட்சி யானையையே தூக்கி வைத்து அடித்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு லாச்சியும் போனபோது மற்றப் புளொக்குகளுக்குக் கவலைப்பட்டேன், அதற்குக் கவலைப்படவில்லை. அந்த மலருக்கு எழுதிய பிள்ளை தன் கையால் ஒரு படம் தந்ததா என்றுகூட இப்போது நினைவு இல்லை. தந்திருக்கலாம்.

இதையெல்லாம் யோசித்துத்தான் புத்தகமாக அடிப்போம் என்று மகனிடம் சொன்னேன். ஏ4 தாளை நடுவில் மடித்து, ஏழு தாள், இருபத்தெட்டுப் பக்கம், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் கம்பி. அறுபது பிரதி. மகள் முதலில் தயங்கினாள், அடுத்த வருஷம் புலமைப்பரிசில், இப்போது இது எதற்கு என்று. நியாயமான பயம்தான். ஆனால் நாங்கள் அடிக்கிற மாதிரி வினாத்தாளில் நான் பார்த்த கட்டுரைத் தலைப்புகளை நினைத்தால், அந்தப் பிள்ளை இந்தப் பக்கம் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றுதான் தோன்றியது.

பேப்பர்காரர்களைத் திட்டிக்கொண்டே புரூப் பார்க்க உட்கார்ந்தேன். கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திரும்பிக் கிடக்கிற ஈய எழுத்தில் பிழை பிடித்துப் பழகிய கண். கை தானாகப் போகிறது. முதல் வேலையாக "மறுகா"வை எல்லாம் வெட்டிப் "பின்னர்" போட்டேன். பதினான்கு இடம். திருத்திய பிரதியைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் சத்தமாக வாசித்தாள். "பின்னர்" வந்த இடத்தில் நின்றாள். திரும்ப வாசித்தாள். "அம்மப்பா, இது ஆர் எழுதின?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

மட்டக்களப்பாருக்கு "மறுகா" என்ன என்று விளக்கத் தேவையில்லை. "மறுகா என்ன நடந்த?" என்று கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் வீடுகளில் கதை நகரும். கதை கேட்கிற சொல்லைக் கதைக்குள் இருந்து பிடுங்கிவிட்டு நான் கதையைத் திருத்தியதாக நினைத்திருக்கிறேன். பதினான்கையும் திரும்ப வைத்தேன். அதற்காக எல்லாப் பிழையையும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. பள்ளம் "பல்லம்" ஆகியிருந்தது, மரம் ஓரிடத்தில் "மறம்" ஆகியிருந்தது. அவளையே பக்கத்தில் வைத்துக் காட்டினேன், சிரித்துக்கொண்டு அவளே திருத்தினாள். எது தெரியாமல் வந்தது, எது வேண்டுமென்று எழுதியது என்று பிள்ளைக்குத் தெரியும். கேட்டால் சொல்லும். நாங்கள் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் டெய்சி அஷ்போர்ட் என்றொருவர் ஒன்பது வயதில் ஒரு கதை எழுதி வைத்திருந்தார். அவர் வளர்ந்து பெரிய மனுசியான பிறகு, 1919 இல், அந்தக் கதையைச் சின்ன வயதில் விட்ட எழுத்துப் பிழைகளோடு அப்படியே அச்சிட்டார்கள். சனம் விழுந்து விழுந்து வாசித்தது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் கடைக்கு வருகிற ஒரு நூலகர். அந்த அச்சகத்தில் புரூப் பார்த்தவரின் கை எப்படிக் குறுகுறுத்திருக்கும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

மற்றக் கதைகளுக்கும் திருத்தம் சொல்ல ஆட்கள் வந்தார்கள். கடைக்கு வருகிறவர்கள் மேசையில் கிடக்கிற புரூப்பை எடுத்துப் பார்ப்பது வழக்கம். ஒரு கதையில், கல்லடிப் பாலத்துக்குக் கீழே இருக்கிற முதலைக்குப் பௌர்ணமி இரவில் பாட்டுச் சத்தத்தில் தூக்கம் வராது. மீன்களிடம் போய்ச் சண்டை பிடிக்கும். நாங்கள் பாடவில்லை, அது ஊரி என்று மீன்கள் சொல்லும். (ஊரி என்றால் தண்ணீருக்கு அடியில் ஓட்டுக்குள் வாழ்கிற சின்ன உயிர்.) ஊரியிடம் போனால், நாங்கள் பாடவில்லை, உனக்குப் பயந்து அழுகிறோம் என்று ஊரி சொல்லும். முதலை வெட்கப்பட்டு முகத்துவாரப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும்.

படித்த பெரியவர் ஒருவர் இதை வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். மீன்பாடும் தேன்நாடு என்று மட்டக்களப்புக்கு உலகமெல்லாம் பெயர், பிள்ளை மீன் பாடவில்லை என்று எழுதியிருக்கிறதே, ஊரியை எடுத்துவிட்டு மீனைப் போடுங்கள் என்றார். பிள்ளைக்கு ஊரி எங்கிருந்து வந்தது? வலை வீசப் போகிற எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர் சொன்னது. துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்டால் அடியில் இருந்து வருகிற சத்தம் ஊரியினுடையது என்று அவர் சொல்வார். 1848 செப்டெம்பரில் இங்கே வந்து அதே சத்தத்தைக் கேட்ட எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரியிடமும் வாவி மீனவர்கள் ஊரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அழுகிற ஊரி என்ற கருத்தில் அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்ததாக அவர் எழுதிவைத்துப் போனார். பிள்ளை டெனன்டை வாசிக்கவில்லை. நூற்றெழுபது வருஷத்துக்கு மேலாக வாவியில் தோணி விடுகிறவர்களின் வாயில் இருந்த ஒன்று அவள் காதுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மீனா ஊரியா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெரியவரிடம் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். அவர் கார்ட் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு கதை வெள்ளிக்கிழமைப் பூனை. காலையில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு மீன் விற்க வருகிறவரின் ஹோர்ன் சத்தம் எங்கள் பூனைக்குத் தெரியும், படலைக்கு ஓடும். வெள்ளிக்கிழமை மட்டும் அவர் நிற்காமல் போவார், நாங்கள் அன்று மரக்கறி. கதையில் பூனை முதல் வெள்ளி மீன்காரருக்குக் காய்ச்சல் என்று நினைக்கிறது, இரண்டாம் வெள்ளி வீட்டுக்காரருக்குக் காசு இல்லை என்று நினைக்கிறது, மூன்றாம் வெள்ளி மதில் மேலே நடந்து நடந்து காத்தான்குடிக்குப் போய் அங்கே ஒரு குசினி வாசலில் இறைச்சி தின்றுவிட்டு, சனிக்கிழமை ஒன்றும் தெரியாத மாதிரித் திரும்பி வருகிறது. பூனை மதிலில் நடந்து போகிற படம்தான் அந்தப் புத்தகத்திலேயே ஆக நல்லது என்பது என் எண்ணம். ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் பள்ளிவாசல் மினாரா, நடுவில் வாலைத் தூக்கிக்கொண்டு பூனை.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், யாராவது ஏதாவது நினைப்பார்கள் என்று நல்ல மனதோடு சொன்னவர்கள் உண்டு. எங்கள் இரண்டு ஊருக்கும் இடையில் கடந்துபோன காலத்தில் நடந்தவற்றை நான் மறக்கவில்லை. ஆனால் பூனை போனது நடந்த விஷயம், எங்கள் வீட்டுப் பூனைதான். பக்கத்தை எடுக்கவில்லை. காத்தான்குடியில் இருந்து கடைக்குத் தாள் கொண்டுவந்து தருகிறவர் அதைப் பார்த்துவிட்டு நான்கு பிரதி வாங்கிக்கொண்டு போனார். தன் வீட்டுக்கு வருகிற பூனை இதுதானா என்று பார்க்க வேண்டும் என்றார்.

வெளியீட்டு விழா வைக்கச் சொன்னார்கள், வைக்கவில்லை. பிள்ளைகளின் புத்தகத்துக்கு நடக்கிற விழாக்களை அழைப்பிதழ் அடிக்கிறவன் என்ற முறையில் நிறையப் பார்த்துவிட்டேன். இருபது பக்கக் கதைக்கு ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை என்று எட்டுப் பக்கம், ஒவ்வொன்றுக்கும் கோட் சூட் போட்ட ஒரு படம். மண்டபத்தில் விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, நயவுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பொன்னாடை. ஒரு விழாவில் எழுதின பையன் மேடைக் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டான். ஏற்புரைக்குத் தட்டி எழுப்பினார்கள். எழுந்து வந்து, யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்தான். அவனுடைய அணில் கதை நல்ல கதை, அன்று பேசிய ஒருவரும் அணிலைப் பற்றி ஒரு வசனம் சொல்லவில்லை.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. உங்கள் பத்திரிகையிலும் சிறுவர் பக்கம் வருகிறது. பிள்ளை கீறின படம் வந்தால் அதையே போடுங்கள், கோடு கோணலாக இருந்தாலும். இடம் போதாவிட்டால் கதையைக் குறையுங்கள், படத்தைக் குறைக்க வேண்டாம். முடிவை மாற்றத் தோன்றினால் ஒரு தொலைபேசி எடுத்துப் பிள்ளையிடமே கேளுங்கள். நீதியைப் பிள்ளை எழுதியிருந்தால் போடுங்கள், எழுதாவிட்டால் விடுங்கள். படத்தைத் திருப்பி அனுப்ப முத்திரை ஒட்டிய உறையை நாங்களே வைத்துத் தருகிறோம். புகைப்படம் எடுத்து அனுப்பலாமே என்பீர்கள், இப்போது அப்படித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் கைபேசி வசதி இல்லாமல் தபாலில் அனுப்புகிற பிள்ளைகள் படுவான்கரையில் இன்னும் இருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். யானையைத் திரும்பக் கீறச் சொன்னோம். நான்கு தரம் கீறினாள், நான்கையும் கிழித்தாள். "அந்த யானை வருகுதில்ல" என்றாள். கடைசியில் ஒரு வெற்றுப் பெட்டி மட்டும் போடச் சொன்னாள். அதற்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்றும் அவளே சொன்னாள்: "இந்த யானை தபாலில போனது. இன்னும் வரல்ல." நான் புரூப் பார்த்தேன். ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

உங்கள் துறையில் ஒருவரை ஒருவர் தெரிந்திருப்பீர்கள். எந்த அலுவலகத்திலாவது பழைய கடித மூட்டையைக் கிளறும்போது சித்திரக் கொப்பித் தாள் ஒன்று அகப்பட்டால் பாருங்கள். நீல யானை. தந்தம் இல்லை. காதில் சேறு, வலப்பக்கம் கீழே ஒரு குட்டி. முகவரி உறையின் பின்பக்கத்தில் எழுதியிருந்தோம், உறை போயிருக்கும். ஆரையம்பதி அச்சுக் கடை என்று போட்டால் தபால்காரர் கொண்டுவந்து தருவார்.

இப்படிக்கு,
அச்சுக் கோர்த்த ஒருவர்,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.